இருட்டக்கா மாட்டிய ராத்திரி

கடையில் அவளுக்கு இருட்டக்கா என்று பெயர். ஜன்னல்களுக்கு ப்ளைண்ட்ஸ், அதாவது சங்கிலியை இழுத்தால் சுருண்டு ஏறுகிற துணி மறைப்பு, செய்து மாட்டித் தருகிற கடை அது. அழகுக்காக மாட்டுகிற சமாச்சாரங்களுக்கு யாரை வேண்டுமானாலும் அனுப்புவார் முதலாளி. வெளிச்சம் துளிகூட உள்ளே வரக்கூடாது என்று யாராவது கேட்டால் மட்டும் அவளைத்தான் கூப்பிடுவார். சும்மா சொல்லக்கூடாது, வேலை அப்படி. அவள் மாட்டிவிட்டுப் போன அறையில் பட்டப்பகலில் மூக்குக்கு முன்னால் கையை ஆட்டினாலும் கை தெரியாது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்பான் அவள் புருஷன்.

இப்பேர்ப்பட்டவள் வீட்டில்தான் சில மாதங்களாக யாருக்கும் தூக்கம் இல்லை.

காரணம் அவர்களுடைய ஒரே மகள், நாலு வயசு. முன்பெல்லாம் வாலு என்று கூப்பிட்டார்கள். இப்போது அப்பாக்காரன் ராக்கோழி என்று பெயரை மாற்றிவிட்டான். ஊர் அடங்கிய பிறகுதான் அதற்குப் பொழுது விடியும். பொம்மைகளை வரிசையாகப் படுக்க வைக்கும். வாயில் விரல் வைத்து அவற்றை அதட்டும். தட்டிக் கொடுத்தாலும் தூங்காது, திட்டினாலும் தூங்காது, பாட்டுப் பாடினால் கூடச் சேர்ந்து பாடும். அப்பாக்காரன் பஸ் ஓட்டுகிறவன். இருட்டு விலகுவதற்கு முன்பே டிப்போவில் நிற்க வேண்டும். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்துபோய்க் கிளம்புவான். ஒருநாள் சிக்னலில் பஸ் நின்றபோது ஒரு நொடி கண் செருகிவிட்டதாம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் முழித்தானாம். அதை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. செல்போன் காட்டாதீர்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகன் செல்போனோடுதான் சாப்பிடுகிறான், செல்போனோடுதான் குளிக்கிறான். வளருகிற வயசு, சரியாகிவிடும் என்றார் டாக்டர், தலையை நிமிர்த்தாமலே. அவளுடைய அக்கா போனில் ஒன்று சொன்னாள் பாருங்கள், அதுதான் நெஞ்சில் தைத்தது. நீ வேலை வேலைன்னு அலையறதால பிள்ளை ஏங்கிப் போயிடுச்சு என்றாள். வேலைக்குப் போகிற பெண் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் இந்தப் பாட்டில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் இதே பாட்டு, பல் விழுந்தாலும் இதே பாட்டு. இருட்டக்கா போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களை ஓசை எழும்படித் தேய்த்தாள். அன்று பார்த்து ராக்கோழி வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டம் அடித்ததா, அதன் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டாள். பிள்ளை அழவில்லை. ஏன் அடித்தாள் என்பது புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அடித்த கை மறுநாள் முழுக்கக் கூசியது. ஏதாவது செய்தாக வேண்டும். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் உலகத்தில் ஒன்றே ஒன்று. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே தெருவிளக்கு இருக்கிறதே, அந்த வெளிச்சம்தான் பிள்ளையைத் தூங்க விடவில்லை என்று முடிவு கட்டினாள். வேறு யாராவது என்றால் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இவள் விடுவாளா? கடையில் மிச்சம் கிடந்த, வெளிச்சம் ஊடுருவாத பூச்சுத் துணியை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ரோலரில் சுற்றி, ஜன்னலைவிட நாலு பக்கமும் அகலமாக வைத்து, சுவரில் துளை போட்டு மாட்டிவிட்டாள். நம்ம வீட்டையும் குகையாக்கிட்டியா என்றான் புருஷன். மறுநாள் இருட்டில் துழாவிச் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு போனான். வண்டி பாதி தூரம் போகும்வரை கண்டக்டர் அதைச் சொல்லவே இல்லை.

ராக்கோழிக்கோ நிலைமை இன்னும் மோசமானது. ராத்திரி முழிப்பது குறையவில்லை. காலையில் எழுந்திருப்பதும் நின்றுபோயிற்று. தூங்குகிற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு காப்பகத்தில் விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

காப்பகம் அவர்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. வேலைக்குப் போகிற அப்பா அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் கூட்டிப் போவார்கள். வாசல் சுவரில் யானையும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்திருக்கும். நடத்துகிற அம்மாவைப் பிள்ளைகள் பெரிய மிஸ் என்பார்கள். பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினால்தான் மூளை வளரும், பின் அறையில் வெயில் தொல்லையாக இருக்கிறது, நீங்களே நல்லதாக மாட்டிக் கொடுங்கள் என்று சில மாதங்களுக்கு முன்பு பெரிய மிஸ் கேட்டபோது, இருட்டக்கா உச்சி குளிர்ந்துபோனாள். நம் பிள்ளை தூங்குகிற அறை அல்லவா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளவெடுத்தாள். கேட்டதற்கு மேல் இரண்டு அங்குலம் அகலமாகத் துணி வெட்டினாள். எல்லா ஜன்னலுக்கும் சுவரின் மேலேயே மாட்டி ஓரங்களை மூடினாள். ஒரே ஒரு ஜன்னலில்தான் அது முடியவில்லை. அதை ஒட்டிச் சுவரோடு கட்டிய அலமாரி இருந்தது. அதனால் அதற்கு மட்டும் ஜன்னல் குழிக்குள் மாட்டினாள். குழிக்குள் மாட்டினால் பக்கத்தில் ஒரு நூலளவு இடைவெளி நிற்கத்தான் செய்யும். அந்த நூல் அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

பிள்ளைக்குத் தூக்கம் கெட்டதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஏனோ அவளுக்குத் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் பிள்ளை அதன் பாஷையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மாலையில் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய் எட்டி எட்டி பிரஷ்ஷை எடுக்கும். பல் தேய்க்கணும்மா என்று வந்து நிற்கும். அடியே, மணி ஆறுடி, இப்ப எதுக்குப் பல் தேய்க்கணும் என்று இவள் சிரிப்பாள். மறுநாள் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சுத்தம் பாருங்க என்றார் முதலாளி.

அப்புறம்தான் அந்தப் புகார் வந்தது.

பெரிய மிஸ் கடைக்கே போன் செய்திருந்தாள். அலமாரி ஜன்னலின் ஓரத்தில் வெளிச்சம் ஒழுகுகிறது, பிள்ளைகள் தூங்குவதில்லை, நாளைக்குக் காலையில் ஆள் அனுப்பிச் சரி செய்து கொடுங்கள் என்றாளாம். "என்னம்மா, இருட்டக்கா வேலையிலயே ஓட்டையா?" என்று முதலாளி நாலு பேர் முன்னால் கேட்டார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் காலை வரை பொறுக்க மனசில்லை. அன்று மத்தியானம் ஒரு வீட்டு வேலை தள்ளிப்போனதும், ஓரத்தை மூடுகிற அலுமினியப் பட்டிகளையும் டிரில்லிங் மெஷினையும் மடக்கு ஏணியையும் எடுத்துக்கொண்டு காப்பகத்துக்கே போய்விட்டாள். மணி மூன்று இருக்கும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மாதான் கதவைத் திறந்தாள். பெரிய மிஸ் வெளியே போயிருந்தாள். ஆயாம்மா வாசலை மறித்த மாதிரி நின்றுகொண்டு, பிள்ளைங்க தூங்குது, நாளைக்கு வாங்களேன் என்றாள். இன்னுமா தூங்குது என்று கேட்டுக்கொண்டே இருட்டக்கா செருப்பைக் கழற்றினாள். சத்தமே வராது, ஓட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பின் அறைக் கதவை மெல்லத் தள்ளி உள்ளே போய், பின்னாலேயே மூடினாள்.

அவள் போட்ட இருட்டு. ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டுமானால் கண் இருட்டுக்குப் பழகும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அவள் தொழிலில் அதுதான் முறை. நின்றாள். பிள்ளைகளின் வியர்வை வாசனையும் பாய் வாசனையும் வந்தது. தூங்குகிற பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்கும். இது அப்படி இல்லை. எங்கோ ஒரு விசும்பல், எங்கோ ஒரு கிசுகிசு, பாயில் கால் உரசுகிற சத்தம்.

பிறகு கோடு தெரிந்தது. அலமாரி ஜன்னலின் ஓரத்திலிருந்து இறங்கி, தரையில் பாய்களுக்கு நடுவே நீளமாக விழுந்திருந்தது, ஒரு விரல் அகலத்துக்கு மேற்கு வெயில். அதன் இரண்டு பக்கமும் பிள்ளைகள் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒரு சின்னக் கை வந்து கோட்டின் மேல் படுத்தது. விரல்கள் சிவப்பாக ஒளிர்ந்தன. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அந்தக் கை விலகியது. அடுத்த கை வந்தது. அதுவும் விலகியது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. இருபது பிள்ளைகள் இருக்கிற அறை. ஒரு பந்துக்கு அடித்துக்கொள்கிற வயசு. அவர்களுக்கு இப்படி ஓர் ஒழுங்கை யார் கற்றுக் கொடுத்தது?

வரிசையில் அடுத்து வந்த கை அவளுக்குத் தெரிந்த கை. மணிக்கட்டில் அவள் கட்டிவிட்ட நீல ரப்பர் வளையல்.

கால் தன்னால் ஓர் அடி முன்னால் போயிற்று. பாய் சரசரத்தது. அந்தக் கை வெடுக்கென்று இருட்டுக்குள் போய்விட்டது. கோட்டைச் சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் பாயில் விழுந்து கண்ணை இறுக்கிக்கொண்டன. அவள் மகளின் குரல் மட்டும் கிசுகிசுப்பாய்க் கேட்டது.

"நாங்க பேசல ஆயாம்மா. ராத்திரிதான், தூங்கறோம்."

பெற்ற தாயை அந்தப் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாதபடி செய்தவள் அவள்தான். இருட்டக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ராத்திரியாமே! வெளியே பஸ் ஓடுகிறது, மார்க்கெட்டில் ஜனம் முட்டி மோதுகிறது, அவள் புருஷன் பாலத்தில் வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். இங்கே இருபது பிள்ளைகளிடம் ராத்திரி என்று சொல்லிப் படுக்க வைத்திருக்கிறார்கள். பல் தேய்க்கணும்மா என்று பிள்ளை தினமும் வந்து நின்றதே! தூங்கி எழுந்தால் காலை, காலையானால் பல் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தோமே என்று நினைத்தபோது தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வெளியே வந்து ஆயாம்மாவை அவள் கேட்டது மூன்றாம் பேருக்குக் கேட்டிருக்காது. ஆனால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டாள். ஆயாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முன்பு மூன்று ஆயாக்கள் இருந்தார்களாம். ப்ளைண்ட்ஸ் மாட்டிய மறு வாரமே இரண்டு பேரை நிறுத்திவிட்டாளாம் பெரிய மிஸ். சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைப் படுக்க வைத்தால் அப்பா அம்மா வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் திறக்க வேண்டுமாம். எழுந்தால் ராத்திரி என்று சொல்லச் சொல்லியிருக்கிறாளாம். எனக்கு இருக்கிறது ரெண்டு கண்ணுதான் தாயி, ஒத்தையா நான் எத்தனை பிள்ளைய ஓடிப் பிடிப்பேன் என்றாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இரண்டு ஆள் சம்பளத்துக்குப் பதிலாகப் பெரிய மிஸ் வாங்கிப் போட்டது இருட்டக்காவின் துணியைத்தான்.

அவள் திரும்பிப் பின் அறைக்குள் போனாள். முதல் ஜன்னலின் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. வெயில் கொட்டியது. பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். சிலர் பயந்து மறுபடி படுத்துக்கொண்டார்கள். ராக்கோழி அவளைப் பார்த்துவிட்டு, "அம்மா, விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டது. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஏணியில் ஏறினாள்.

இரண்டு ஜன்னல் முடிந்து மூன்றாவதில் கை வைத்தபோது பெரிய மிஸ் வந்து சேர்ந்தாள். கையில் சாவிக்கொத்து, முகத்தில் பவுடர் கலையவில்லை. அவளும் கத்துகிற ரகம் இல்லை.

"வெளிச்சம் வருதுன்னுதானே கம்ப்ளெயின்ட் பண்ணேன். நீங்க என்னன்னா வெளிச்சத்தை உள்ள விட்டுட்டு நிக்கறீங்க."

"மணி மூணரை மேடம். இந்தப் பிள்ளைங்ககிட்ட ராத்திரின்னு சொல்லி வச்சிருக்கீங்க."

தூங்க வைப்பதற்கு எல்லா வீட்டிலும் சொல்லுகிற பொய்தானே என்றாள் பெரிய மிஸ். தூங்கினால் பிள்ளைகளுக்கு நல்லதுதான், இத்தனை மாதத்தில் ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை, நீங்களும்கூடத்தான் சொன்னதில்லை என்றாள். அப்புறம் ஒரு படி கிட்டே வந்து குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மாட்டினது யாரு? நான் கேட்டதுக்கு மேல ரெண்டு அங்குலம் சேர்த்து வச்சுத் தந்தது நீங்கதான். என் பொண்ணு தூங்கற ரூம்னு சொல்லி."

அது உண்மை. ஏணியில் நின்றபடி அவள் கழற்றிய ஸ்க்ரூவைப் பைக்குள் போட்டாள்.

"அதனாலதான் மேடம், மாட்டினவளே கழட்டறேன்" என்றாள். மறுபடி திருகத் தொடங்கினாள்.

முதலாளி போன் வந்தது. பெரிய மிஸ் சொல்லியிருப்பாள். அது அவங்க சாமான், கழட்ட நீ யாரு என்றார். புகார் வந்தால் கழற்றிக் கடைக்கு எடுத்துவருவதுதானே சார் நம்ம வழக்கம் என்றாள் இவள். புகார் ஒரு ஜன்னலுக்குத்தான் என்றார். எல்லாத்துலயும் கோளாறு இருக்கு சார் என்றாள். அவருக்கு அவள் குரல் புதிதாக இருந்திருக்க வேண்டும். நாளைக்குக் காலையில் எல்லாம் பழையபடி மாட்டியாக வேண்டும், இல்லையென்றால் கடைப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். எத்தனை வருஷ வேலை. ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

கழற்றிய ரோலர்களை யானைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி அவள் கேட்டது ஒரே கேள்விதான். உங்க பிள்ளை ராத்திரி தூங்குதா? டை கட்டிய அப்பா ஒருவர் சிரித்துக்கொண்டு, ரெண்டு மணி வரைக்கும் ஆட்டம்தான் என்றார். கதையைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண், தூங்கலைன்னு நான் பிள்ளையைச் சூடு வைப்பேன்னு மிரட்டியிருக்கேனே என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் அப்படி இல்லை. பையைத் தோளில் மாட்டியபடி ஒருத்தி, இப்ப இதைக் கிளறி இந்த இடத்தை மூடிட்டாங்கன்னா நாளைக்குப் பிள்ளையை நீங்க பார்த்துப்பீங்களா என்று கேட்டுவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். அந்தக் கேள்விதான் இருட்டக்காவின் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. நம்மால் வேறு எங்கும் போக முடியாது என்பது பெரிய மிஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தானே இவ்வளவும்? நாளை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளைப் படுக்க வைக்கிற நேரத்தில் காப்பக வாசலில் வந்து நிற்கிறோம், பெரிய மிஸ்ஸை நேரிலேயே கேட்போம் என்று மூன்று பேர் சொன்னார்கள். வருவார்களா என்பது அவர்களுக்கே தெரியாது.

ரோலர்களை ஆட்டோவில் ஏற்றிக் கடையில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். டிரில்லிங் மெஷினைக் கீழே வைப்பதற்கு முன்பே படுக்கையறை ஜன்னலில் மாட்டியிருந்த துணியைக் கழற்றினாள். புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போனதைக் கடைசியாகச் சொன்னாள். அவன் ஒன்றும் கேலி செய்யவில்லை. சுவரிலிருந்த துளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

மறுநாள் காலை அவன் போய் வெகுநேரம் கழித்து, வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பாய் அகலத்துக்குத் தரையில் சதுரமாக விழுந்தது. ராக்கோழி யாரும் எழுப்பாமல் எழுந்து வந்தது. சதுரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, கையை நீட்டி, ஒரு விரல் அகலத்தில் மட்டும் வைத்துப் பார்த்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டு இருட்டுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏண்டா தள்ளிப் போயிட்ட?"

"என் முறை முடிஞ்சிடுச்சும்மா."

அவள் பிள்ளையைத் தூக்கி வெயிலின் நடுவில் உட்கார வைத்தாள். அது எழுந்து மறுபடி ஓரத்துக்குப் போயிற்று. திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்து, தானும் கூட உட்கார்ந்து, மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். பிள்ளை நெளிந்தது, பின்னால் வரிசையில் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. மூன்று பேர் வந்தாலும் சரி, ஒருவரும் வராவிட்டாலும் சரி, மத்தியானம் அந்தக் காப்பக வாசலில் போய் நிற்பது என்று அவள் முடிவு செய்தாள்.